எந்தச் சிங்கபுரம்?

சில வாரங்களுக்கு முன் நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். விசயன் புறப்பட்டு வந்த ஊர் சிங்கபுரம் என்று மகாவமிசம் கூறுகிறது. சிங்கப்பூர் என்பதும் சிங்கபுரம் என்பதும் ஒன்றே. அப்படியானால் விசயன் சிங்கப்பூரிலிருந்து வந்தானா என்பது அவருடைய வினா. படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் கடிதத்தை மடித்து வைத்தபின் யோசித்துப் பார்த்தேன். இந்த வினாவை இவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. நமது நாட்டின் மிகப் பெரிய தொல்லியல் அறிஞர் ஒருவரும் ஏறத்தாழ இதே வழியில் நடந்து, ஏறத்தாழ இதே இடத்தில் போய் நின்றிருக்கிறார். ஆகவே இவ்வாரம் சிங்கபுரம் என்ற ஊர்ப்பெயரைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறேன்.

பெயரின் பொருளில் சிக்கல் ஒன்றுமில்லை. சிம்ஹம் என்பது சிங்கம். புரம் என்பது ஊர். ஊர் என்றாலும் வெறும் குடியிருப்பு அன்று. வேத மொழியில் புர் என்பது அரண் செய்யப்பட்ட இடத்தைக் குறித்தது. பின்னர் அது நகரமாயிற்று, அரசன் இருக்கும் இடமாயிற்று. தமிழில் புரம், புரி என்றும், வடநாட்டில் பூர் என்றும், தாய்லாந்தில் புரீ என்றும், மலாய் மொழியில் புரா என்றும் அது உருமாறி வழங்குகிறது. நாம் சிங்கப்பூர் என்று சொல்லும்போது கடைசியில் நம் காதில் விழுவது ஊர் என்ற தமிழ்ச் சொல். உண்மையில் அங்கே இருப்பது புரம்தான். ஆயினும் காதுக்குப் பழகிய சொல்லாக அது மாறியதனால் அந்த நகரம் நமக்கு அந்நியமாய்த் தோன்றாமற் போயிற்று.

சிக்கல் சிங்கத்தில் இருக்கிறது. ஆசியாவில் சிங்கபுரம் என்று பெயர் பூண்ட ஊர்களை ஒரு படத்தில் குறித்துப் பார்த்தால் வேடிக்கையான செய்தி ஒன்று தெரியவரும். பஞ்சாபையும் குஜராத்தையும் விட்டால், மற்றப் பெரும்பாலான இடங்களில் வரலாற்றுக் காலத்தில் சிங்கமே வாழ்ந்ததில்லை. வியட்நாமில் இல்லை, தாய்லாந்தில் இல்லை, மலாயாவில் இல்லை. அங்கெல்லாம் காட்டுக்கு அரசன் புலி. இலங்கையிலும் மனிதர் நினைவுக்கு எட்டிய காலத்தில் சிங்கம் இருந்ததில்லை. குருவிட்டையில் கிடைத்த புதைபடிவப் பல்லை ஆராய்ந்து 1939இல் பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் இலங்கைச் சிங்கம் ஒன்றுக்குப் பெயர் சூட்டினார் என்றாலும், அது எந்தச் சிங்கபுரமும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன விலங்கு. தமிழகத்திலும் சிங்கம் இல்லை. ஆனால் அரிமா என்றும் மடங்கல் என்றும் ஆளி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. கண்ணாற் காணாத விலங்குக்கு இத்தனை பெயர்கள்! அரசன் அமரும் இருக்கையைச் சிம்மாசனம் என்றார்கள், தமிழ்ப்படுத்தி அரியணை என்றார்கள். புத்தபிரானைச் சாக்கிய சிங்கம் என்றார்கள். ஆகவே சிங்கபுரம் என்றால் சிங்கம் உலாவும் ஊர் என்று பொருள் கொள்ளக்கூடாது. அரியணை இருக்கும் ஊர், கோநகர் என்பதே அதன் உட்பொருள். எந்த நாட்டு மன்னனும் தன் தலைநகருக்கு இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். பலர் சூட்டிக்கொண்டார்கள்.

தமிழிலக்கியம் கற்றோர்க்குச் சிங்கபுரம் புதிய பெயரன்று. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பின்னர் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி, கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறப்புக் காரணம் ஒன்று கூறுகிறது. கட்டுரை காதையில் வரும் கதை அது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்தை ஒருவனும் கபிலபுரத்தை ஒருவனும் ஆண்டார்கள். வசு, குமரன் என்பன அவர்கள் பெயர். இருவரும் ஒரு குலத்தவர், தாயாதிகள். இருவருக்கும் ஓயாத பகை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆறு காத தூரம்; போருக்கு அஞ்சி அந்த நிலத்தில் ஆள் நடமாட்டமே அற்றுப்போயிற்று. அந்த வெறும் வழியைக் கடந்து, பொருளாசையினால், மனைவியையும் அழைத்துக்கொண்டு, அணிகலன்களைச் சுமந்துகொண்டு மறைவாகச் சிங்கபுரத்து அங்காடிக்கு வந்தான் சங்கமன் என்ற வணிகன். அரசனிடம் பணிபுரிந்த பரதன் என்பவன் அவன்மேல் வெறுப்புக் கொண்டு, இவன் பகைவரின் ஒற்றன் என்று பிடித்து மன்னனிடம் காட்டினான். சங்கமன் கொல்லப்பட்டான். அவன் மனைவி நீலி பதினான்கு நாள் தெருவெல்லாம் அலைந்து அழுது, பின்னர் ஒரு மலையுச்சியில் ஏறிச் சாபமிட்டு உயிர் துறந்தாள். அந்தப் பரதனே கோவலனாகப் பிறந்தான் என்பது கதை. மணிமேகலையும் இதனைச் சொல்கிறது.

இந்தப் பகுதியை நான் வகுப்பில் முதன்முதற் படித்தபோது ஊழ்வினைக்கு ஓர் எடுத்துக்காட்டு என்ற அளவில் கடந்து போனேன். இப்போது படிக்கும்போது என் கண் வேறோர் இடத்தில் நிற்கிறது. ஒரே குலத்தார் இருவர் சண்டையிடுகிறார்கள். நடுவே ஆறு காதம் பாழாகிறது. அந்தப் பாழ் நிலத்தைத் தாண்டி வந்தவன் எவனும், வந்த திசை ஒன்றினாலேயே, ஒற்றன் என்று எண்ணப்படுகிறான். அவன் கையில் இருந்தவை விற்பனைக்குக் கொண்டுவந்த நகைகள் என்பதை விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. இதற்கு விரிவுரை வேண்டியதில்லை. இந்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு விளங்கும்.

இளங்கோவடிகள் கற்பனையாக ஓர் ஊர்ப்பெயரைப் படைத்துவிடவில்லை. கலிங்கத்தில் சிங்கபுரம் உண்மையாகவே இருந்தது. ஏறத்தாழ நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் அந்த நாட்டை ஆண்ட உமாவர்மன், சண்டவர்மன் முதலிய மன்னர்கள் தங்கள் செப்பேடுகளைச் சிங்கபுரத்திலிருந்து வெளியிட்டிருக்கிறார்கள். இன்றைய ஆந்திர மாநிலத்துச் சிறீகாகுளம் மாவட்டத்தில் உள்ள சிங்குபுரம் என்ற ஊரே அந்தப் பழைய தலைநகர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. அந்த வட்டாரத்தில் வம்சதாரை ஆற்றங்கரையில் சாலிகுண்டம் என்ற பழைய பௌத்தத் தலமும் உண்டு. கடலுக்கு அண்மையான இடம். வணிகர் வந்துபோன இடம்.

இனி மற்றச் சிங்கபுரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம். மகாபாரதத்தின் சபாபருவத்தில் அருச்சுனன் வடதிசை சென்று வென்ற நாடுகளில் சிங்கபுரம் ஒன்று வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் தட்சசீலத்துக்குத் தென்கிழக்கில் சிங்கபுரம் என்ற நாட்டைக் கண்டதாக எழுதுகிறார். அது இன்றைய பாகிஸ்தானின் உப்பு மலைப் பகுதி. வியட்நாமின் நடுப்பகுதியில், இன்று திரா கியூ என்று அழைக்கப்படும் ஊர், சம்பா அரசின் பழைய தலைநகரான சிங்கபுரமாகும். அங்கே பத்திரவர்மன் என்ற மன்னன் அருகிலுள்ள மலைசூழ் பள்ளத்தாக்கில் பத்திரேசுவரர் என்று தன் பெயரோடு சேர்த்துச் சிவனை எழுந்தருளச் செய்தான். மீசோன் கோயில்களின் தொடக்கம் அதுவே. 605இல் சீனத் தளபதி லியூ பாங் சம்பாவின் தலைநகரைக் கொள்ளையிட்டான். தாய்லாந்தில் ஆயுத்தயாவுக்கு வடக்கே, சாவ்பிரயா நதிக்கரையில், சிங்புரீ என்ற நகரம் இருக்கிறது. அந்நாட்டின் காஞ்சனபுரியில் முவாங் சிங் என்ற கெமர் காலத்துக் கோயில் நகரும் உண்டு. கம்போடியப் பேரரசன் ஏழாம் சயவர்மனின் 1191ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வரும் சிறீசயசிங்கபுரி அதுவே என்று கருதுவர்.

சிங்கப்பூரின் கதை எல்லாவற்றிலும் சுவையானது. பலெம்பாங்கிலிருந்து வந்த சிறீ திரிபுவனா என்ற இளவரசன் தெமாசெக் என்ற தீவில் இறங்கி விலங்கொன்றைக் கண்டானாம். சிவந்த உடல், கறுத்த தலை, வெண்ணிற மார்பு, ஆட்டுக்கடாவை விடச் சற்றுப் பெரிய உருவம். இஃது என்ன விலங்கு என்று கேட்டான். உடனிருந்தவர் எவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர், பழங்காலத்தில் சிங்கம் இப்படித்தான் இருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆகவே இது சிங்கமாகத்தான் இருக்கவேண்டும் என்றார். ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயராயிற்று. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் இந்த நிகழ்ச்சிக்கு 1299 என்று மரபாக ஆண்டு கூறுவர். ஆனால் 1349இல் எழுதிய சீன வணிகர் வாங் தாயுவானும், 1365இல் இயற்றப்பட்ட சாவக நாட்டு நாகரகிரேதாகமம் என்ற காவியமும் அவ்விடத்தைத் தெமாசெக் என்ற பழைய பெயராலேயே குறிப்பிடுகின்றன. போர்த்துக்கேயர் வந்தபோது சிங்கபுரம் நிலைத்துவிட்டது. ஆனால் பொருள் மறந்துவிட்டது. அவர்களுடைய வரலாற்றாசிரியர் பாறோஸ் அதற்குப் பொய்யாகத் தங்குமிடம் என்று பொருள் எழுதிவைத்தார். மலாய் மொழியில் சிங்கா என்பதை ஒத்த ஒரு சொல்லுக்குத் தங்கிச்செல்லுதல் என்றும், புரா புரா என்பதற்குப் பாசாங்கு என்றும் பொருள் உண்டு. யாரோ ஒரு மாலுமி விளையாட்டாகச் சொன்னதை அவர் நம்பிவிட்டாரோ என்னவோ! 1819இல் ராஃபிள்ஸ் அங்கே இறங்கியபோது அந்தப் பழைய பெயரையே எடுத்துக்கொண்டார்.

இப்போது நேயரின் வினாவுக்கு வருவோம். மகாவமிசம் சொல்லும் சிங்கபுரம் லாள நாட்டில் இருக்கிறது. வங்க நாட்டு அரசனுக்கும் கலிங்க அரசகுமாரிக்கும் பிறந்த பெண் ஒரு வணிகக் கூட்டத்தோடு மகதத்துக்குப் போகிறாள். வழியில் லாள நாட்டில் சிங்கம் அவளைக் கவர்ந்து செல்கிறது. அவர்களுடைய மகன் சிங்கபாகு. அவன் தந்தையாகிய சிங்கத்தைக் கொன்று, லாள நாட்டிலே சிங்கபுரத்தைக் கட்டி அரசாண்டான். அவன் மகன் விசயன். லாளம் எது? வங்கத்திலிருந்து மகதம் போகும் வழியில் இருக்கவேண்டும் என்றால் அது மேற்கு வங்கத்து ராடம். அப்படிக் கொள்பவர்கள் ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரைக் காட்டுவர். ஆனால் நாடு கடத்தப்பட்ட விசயனின் கப்பல் முதலில் ஒதுங்கிய துறை சுப்பாரகம். அது மும்பாய்க்கு அருகே உள்ள மேற்குக்கரைப் பட்டினம். அதனால் லாளம் என்பது குஜராத்தின் லாடமே என்று வேறு சிலர் வாதிட்டுச் சௌராட்டிரத்துச் சீஹோர் என்ற ஊரைக் காட்டுவர். இரு கட்சியாரும் சளைத்தவர்கள் அல்லர். எனக்கு இதில் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது. மகாவமிச ஆசிரியர் சிங்கபுரத்தைக் கலிங்கத்தில் வைக்கவில்லை. கலிங்கம் அந்தக் கதையில் விசயனின் பாட்டியின் தாய்வீடு, அவ்வளவுதான்.

அப்படியிருக்க விசயன் கலிங்கத்தவன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெயர் ஒன்று வரலாற்றில் வேலை செய்வதை நாம் காண்கிறோம். பொலனறுவையில் நிசங்கமல்லன் (1187–1196) பொறித்த கல்பொத்த என்னும் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஓலைச்சுவடி வடிவில் செதுக்கிய, 26 அடி நீளமுள்ள பாறை. மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த மன்னன் தன்னைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுவதில் வல்லவன். சம்புத்தீவத்தில், கலிங்க நாட்டில், சிங்கபுரத்தில், சயகோப மன்னனுக்கும் பார்வதி தேவிக்கும் பிறந்தவன் நான் என்கிறான். விசயனின் வழிவந்தவன் என்கிறான். இலங்கை கலிங்க குலத்தாருக்கே உரியது, சோழரையோ பாண்டியரையோ சேரரையோ அரியணையில் ஏற்றக்கூடாது என்று குடிகளுக்கு அறிவுரை கூறுகிறான்.

அவன் பிறந்த சிங்கபுரம் பொய்யன்று. அவனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, முதலாம் விசயபாகு (1055–1110) கலிங்கத்துத் திலோகசுந்தரியை மணந்துகொண்டான்; அவளுடைய உறவினர் மதுகண்ணவன், பீமராசன், பலக்காரன் என்ற மூவர் சிங்கபுரத்திலிருந்து இங்கு வந்தார்கள் என்று சூளவமிசம் கூறுகிறது. மதுகண்ணவன் என்பது மதுகாமார்ணவன் என்ற கங்க மன்னர் பெயரின் பாளி வடிவம். கலிங்கத்தை ஆண்ட கீழைக்கங்கரிடையே அந்தப் பெயர் வழங்கியது. ஆக இரண்டு சிங்கபுரங்கள். ஒன்று மகாவமிசத்தில் உள்ள லாள நாட்டுச் சிங்கபுரம். மற்றையது தான் பிறந்த கலிங்கச் சிங்கபுரம். பெயர் ஒன்றாக இருந்ததனால் நிசங்கமல்லன் இரண்டையும் ஒன்றாக்கி, வெளிநாட்டிலிருந்து வந்த தன்னைத் தீவின் ஆதி அரசனின் வாரிசாக நிறுத்திக்கொண்டான் என்பதே என் எண்ணம். ஆயிரக்கணக்கான படைவீரர் செய்யமுடியாத காரியத்தை ஓர் ஊர்ப்பெயர் செய்து முடித்தது. பிறப்புரிமை என்ற பேச்சு ஊர்ப்பெயர் ஒன்றின் மேல் எவ்வளவு எளிதாகக் கட்டப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட அறிஞர் பேராசிரியர் செனரத் பரணவிதான. கல்வெட்டுத்துறையில் அவருக்கு நிகரானவர் இங்கே பிறக்கவில்லை எனலாம். 1960களில் அவர், பொலனறுவை மன்னர்களின் கலிங்கம் இந்தியக் கலிங்கம் அன்று, அது மலாயத் தீவுக்கூட்டத்தில் இருந்தது என்று நிறுவ முற்பட்டார். 1966இல் இதற்காகவே இலங்கையும் மலேசியாவும் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதினார். சாவக மன்னன் சந்திரபானு 1247இல் இங்கே படையெடுத்தது உண்மை. கடல் கடந்த தொடர்புகள் பல இருந்ததும் உண்மை. ஆனால் தம் கருத்துக்கு ஆதாரமாக அவர், பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே பின்னாளில் பொறிக்கப்பட்ட சிற்றெழுத்துகளைத் தாம் படித்ததாகக் கூறினார். அந்த எழுத்துகள் மற்றவர் கண்களுக்குப் புலப்படவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் மறுத்தார். 1967இல் லெஸ்லி குணவர்த்தன ஒவ்வோர் ஆதாரமாக எடுத்து ஆராய்ந்து விரிவாக மறுத்தார். கல்பொத்தவில் சம்புத்தீவம் என்ற சொல் இருக்கும்போது சிங்கபுரத்தை மலாயாவில் தேடவேண்டிய அவசியம் என்ன என்று நமக்கும் கேட்கத் தோன்றும். ஆயினும் அந்த முதிய அறிஞரை எள்ளி நகையாட எனக்கு மனம் வருவதில்லை. கடலுக்கு அப்பால் தெரிந்த பெயர் ஒன்றைக் கேட்டால் அது நம்முடையது என்று தோன்றுவது இயல்பு.

தமிழரும் இதற்கு விலக்கல்லர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் சிங்கையாரியர் என்றும், தங்கள் நகரைச் சிங்கைநகர் என்றும் சொல்லிக்கொண்டார்கள். கேகாலைப் பகுதியில் உள்ள கோட்டகமத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒரு வெற்றிப் பாட்டு. அதிலும் சிங்கைநகர் ஆரியன் என்ற பெயர் இருக்கிறது. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் சிங்கைநகரை வல்லிபுரம் என்று கொண்டு, கலிங்கச் சிங்கபுரத்தின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது என்றார். யாழ்ப்பாண வைபவமாலையில் வரும் உக்கிரசிங்கன் என்ற சிங்கமுகம் படைத்த மன்னனின் கதையும் அதற்குத் துணையாயிற்று. வேறு சிலர் சிங்கைநகர் என்பது நல்லூருக்கே வழங்கிய மறுபெயர் என்பர். நிசங்கமல்லனின் பெருமையும் யாழ்ப்பாணத்து மன்னரின் பெருமையும் ஒரே கலிங்கத்து ஊரைத் தேடிப் போய் நிற்பதைப் பார்க்கும்போது, இவர்கள் வசுவும் குமரனும் போலத் தாயாதிகள்தாமோ என்று கேலியாக எண்ணத் தோன்றுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: சிங்கையாரியர் நாணயங்களில் சிங்கம் இல்லை. சேது என்ற எழுத்தும் நந்தியுமே இருக்கின்றன.

சிங்கை என்று ஒரு பெயரைக் குறுக்கிவிட்டால் அது எந்தச் சிங்கை என்று கண்டுபிடிப்பது இன்னும் கடினம். சிங்கைச் சிலேடை வெண்பா என்று ஒரு நூல் உண்டு. யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் அது நம் சிங்கைநகரைப் பாடியது என்று என்னிடம் மிக உறுதியாகச் சொன்னார். அது திருநெல்வேலிச் சீமையில் பாபநாசத்துக்கு அருகே உள்ள விக்கிரமசிங்கபுரம். 1887இல் சிங்கை நேசன் என்று ஒரு தமிழ் வார இதழ் தொடங்கியது. அதன் சிங்கை சிங்கப்பூர்.

அரசர்கள் சூட்டிய பெயர்களைக் கொண்டு மக்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று கூறமுடியாது. மக்கள் தாமே இட்ட பெயர்களைக் கொண்டு சில வேளை கூறலாம். சாவகச்சேரி என்ற பெயரில் சாவகர் குடியிருந்த செய்தி தங்கியிருக்கிறது என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் அரசகுமாரர்கள் அல்லர். புகையிரதத் திணைக்களத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாக இருந்தவர்கள். சிங்கப்பூரில் அவர்கள் பேணிவளர்த்த செண்பக விநாயகர் கோயில் இருக்கும் தெருவுக்கு இன்றும் சிலோன் வீதி என்றே பெயர். அவர்களில் ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பியவர்களை யாழ்ப்பாணத்தார் மலாயன் பென்சனியர் என்றார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்துச் சந்தைப் பக்கம் போனால் மலாயன் கபே என்ற பெயர்ப்பலகையை நீங்களும் பார்க்கலாம்.